மாற்றுப் பட்டியலில் இருந்தவள்

உச்சிப் பொழுது சாய்ந்து, வெயில் இடப்புறக் கடைகளை விட்டு வலப்புறக் கடைகளின்மேல் ஏற, கடைக்காரர் ஒவ்வொருவரும் முணுமுணுத்துக்கொண்டே தத்தம் துணிப்பந்தலைத் தாழ்த்தும் சனிக்கிழமைப் பிற்பகல். பாலத்தின்மீது ஊர்திகள் ஒன்றன் வாலை ஒன்று பற்றிய எறும்புகள்போல் ஊர்ந்து, நின்று, நின்றதற்குச் சினந்து ஊதி, மீண்டும் ஊர்ந்தன. அவ்வோசையும் பாலத்தின் அடியிலிருந்த இரும்புப் பட்டறையின் சம்மட்டி ஓசையும் ஒன்றையொன்று வெல்ல முயன்று தோற்றுக்கொண்டிருந்தன. இவ்விரண்டுக்கும் செவிகொடாது, நான்கு தூண்களும் பன்னிரு படிகளும் உடையதாய், ஏறி வருவோர் ஒவ்வொருவரையும் ‘நீ யார்?’ என்று வினவுவது போன்ற முகப்போடு நகரின் நடுவே ஓங்கி நின்றது இசை மன்றம்.

கற்றறிந்த நெஞ்சினீர், முகப்பின் பொலிவில் மயங்காது எம்மொடு பின்வாயிலுக்கு வருவீராக. அங்கே, குடிநீர்க் கலத்துக்கும் துடைப்பம் சாத்திய மூலைக்கும் இடையே, சாய்மானம் இல்லாத மரப்பலகை ஒன்றின்மேல், துணியுறையிட்ட மூங்கிற்குழலை மடியில் கிடத்தி, முப்பத்தாறு அகவை நிரம்பிய மங்கை ஒருத்தி அமர்ந்திருந்தாள். வீட்டாரும் அயலாரும் அவளைக் குழலி என்றே அழைத்தனர். கூந்தலைக் கருதி வந்த பெயரன்று அது. அவள் கூந்தல் தோளளவே நின்றது. கோழி கூவுமுன்னே அவள் ஊதும் குழலால் உறக்கம் கெட்ட அண்டை வீட்டார் இட்ட பெயர் அது. அப்பலகையின்மேல் அவள் அமர்ந்தது அன்றோடு இருபத்து நான்காவது சனிக்கிழமை.

அவள் இசைத்தொழிலுக்குப் புதியவள் அல்லள். பத்தாண்டுகளாக ஓர் உணவு விடுதியின் கூடத்தில், காலையும் நண்பகலும், தூணொன்றின் மறைவிலிருந்து வாசித்து வந்தாள். விருந்தினர் எவரேனும் உரையாற்ற எழுந்தால் விடுதி மேலாளர் ஒரு விரலை உயர்த்துவார். உயர்ந்த கணமே, பண்ணின் நடுவாயினும் மூச்சின் நடுவாயினும், அவள் குழல் ஓய வேண்டும். பத்தாண்டுப் பழக்கத்தால் அவ்விரல் உயர எண்ணும்போதே அவள் இதழ் விலகக் கற்றிருந்தது. பாடகர் பலருக்குப் பின்னே நின்று துணைக்குழல் வாசித்தாள். அடுத்த பாட்டில் தனியே வாசிக்க இடம் தருவதாக அவர்கள் சொல்வார்கள். அடுத்த பாட்டு வரும், இடம் வராது. சிறார்க்குக் கற்பித்தாள், பிறர் பெயரில் வெளிவந்த ஒலிப்பதிவுகளில் ஊதினாள். இத்தனைக்கும் இடையே அவள் வேண்டியது ஒன்றுதான்: இசை மன்றத்தின் மேடையில், தன் பெயரில், ஒரு மணிநேரம்.

அவ்வொன்றுக்காக அவள் ஐந்தாண்டுகளில் ஐந்து முறை வேண்டுகோள் தாள் எழுதினாள். முதல் தாள், உடன் இணைத்த ஒலிப்பதிவில் முழவு இல்லையென்று திரும்பியது. இரண்டாவது, முழவு இருப்பதால் குழல் கேட்கவில்லையென்று திரும்பியது. மூன்றாவது கிணற்றில் போட்ட கல்லாயிற்று. நான்காவதில் அவள் ஒட்டிய நிழற்படத்தில் குழல் இருந்ததாம். முகம் மட்டுமே இருத்தல் வேண்டுமாம். ஐந்தாவதை அவள் தன் கையாலேயே கொண்டுபோய்ச் செயலரின் மேசைமேல் வைத்தாள். செயலர் வெள்ளுடையும் மெல்லிய மீசையும் உடையவர். எவரையும் கடிந்து பேசாது, கனிவோடே மறுப்பவர். அவர் தாளை இருமுறை புரட்டிப் பார்த்தார்.

“புதியவங்க வரிசைக்கு முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்மா. உங்களுக்குப் போன வாரம் தாண்டிடுச்சு.”

“அப்ப அனுபவப்பட்டவங்க வரிசையில போடுங்க ஐயா.”

“அதுக்கு ஏற்கெனவே இந்த மேடையில வாசிச்சிருக்கணுமே.”

படிப்போர் பொறுத்தருள்க, இதனை எழுதுங்கால் எமக்கே எழுதுகோல் நடுங்குகின்றது. பறவைக் கூட்டத்தில் விலங்கென்றும் விலங்குக் கூட்டத்தில் பறவையென்றும் விரட்டப்பட்ட வௌவாலுக்கேனும் தொங்க ஒரு கிளை இருந்தது. குழலியோ கையிலிருந்த தாளை நான்காய் மடித்து, எட்டாய் மடித்து, மேலும் மடிக்க இயலாமையால் நிறுத்தி, வெளியே வந்தாள்.

வெளியறையில் பேரேட்டின் மேல் குனிந்திருந்த எழுத்தர் அம்மையார், நிமிராமலே, மாற்றுப் பட்டியல் என்று ஒன்று உண்டு எனக் கூறினார். வரவேண்டிய கலைஞர் வாராது போனால் மேடை வெறுமையாய்க் கிடவாதிருக்க, ஒருவர் இசைக்கருவியோடு பின்வாயிலில் காத்திருக்க வேண்டும். அதற்கு அகவையும் கேளார், பட்டறிவும் கேளார். ஆறாண்டுகளாக எவரும் அதில் பெயர் எழுதவில்லை என்றும், எழுதுவதற்கு அதில் ஏதும் இல்லை என்றும் அவரே எச்சரித்தார். குழலி எழுதினாள்.

அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணிநேரம் முன்னே வந்து அமர்ந்தாள். காய்ச்சல் கண்ட பாடகர் காய்ச்சலோடு வந்தார். கால் பிசகிய முழவர் இருவர் தோளைப் பற்றி வந்தார். வாராதவர் எவரும் இல்லை. ஒருமுறை முழவின் உறையை வைக்க இடம் வேண்டுமென்று அவளை எழுப்பிவிட்டார்கள். இன்னொருமுறை, பெயர்பெற்ற பாடகி ஒருவர் அவளை அங்குள்ள பணிப்பெண் என்று கருதித் தம் போர்வையைக் கழற்றி அவள் கையில் தந்து மேடையேறினார். கீழே வைத்தால் அழுக்காகுமே என்றஞ்சி, குழலி அதனை இரண்டு மணிநேரம் ஏந்தியிருந்தாள். இறங்கி வந்த பாடகி போர்வையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.

அவள் அண்ணன் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவர். மயிரிழை பிழைத்தாலும் பொறுக்காத தொழில், ஆதலின் எதிலும் பொறுமை குறைந்த மனிதர். குழலியின் சனிக்கிழமைகளை அவர் தமக்கு நேர்ந்த இழிவாகவே எண்ணி வந்தார். அவ்விருபத்து நான்காம் சனிக்கிழமைக் காலை அவருடைய பொறுமைக்கு மேலுமொரு சுமை ஏறியிருந்தது. விடுதியார் இனிக் கூடத்தில் ஒலிப்பதிவையே இசைக்கப் போவதாகவும், குழலி விரும்பினால் விருந்தினரை வரவேற்கும் மேற்பார்வைப் பணியில் அமரலாம் என்றும், திங்களன்று மறுமொழி வேண்டும் என்றும் அறிவித்திருந்தனர். நிழலில் அமரும் வேலை, சிரித்தால் போதும், ஊத வேண்டியதில்லை என்று அண்ணன் எடுத்துரைத்தார். அண்ணி அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை.

“அந்தப் பெஞ்சுல ஆறு மாசமா உட்கார்ந்திருக்க. அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தா பென்ஷனாவது கிடைச்சிருக்கும்.”

குழலிக்கே சலித்துவிட்டது. தன் திறத்தில் ஐயம் தோன்றியிருந்தால் அழுது ஓய்ந்திருப்பாள். ஐயம் தோன்றவில்லை, எரிச்சலே தோன்றியது, அதற்கு அழுகை மருந்தாகாது. இன்று ஒரு நாள் மட்டும் போவது, திங்களன்று விடுதியாருக்கு இசைவு சொல்வது என்று முடிவு செய்துகொண்டே குழலை உறையிலிட்டாள்.

அன்று பாட வேண்டிய பெரும்பாடகரின் ஊர்தி பாலத்தின் நடுவே சிக்கியது. குறித்த நேரம் கடந்து கால்மணி ஆயிற்று. அவையில் முந்நூறு பேர் முதலில் இருமினர், பின்பு கடிகாரம் பார்த்தனர், அதன்பின் கைகொட்டத் தொடங்கினர். செயலர், அவர் அங்ஙனம் ஓடி எவரும் கண்டதில்லை, ஓடிவந்து பலகையின் முன் நின்றார். பத்து நிமிடம் ஒப்பேற்றினால் போதும் என்றும், பாடகர் வந்ததும் தாம் கை காட்டுவதாகவும், காட்டியதும் இறங்கிவிட வேண்டும் என்றும் மூச்சு வாங்கக் கூறினார்.

மேடையில் ஒலிவாங்கி நெடிய பாடகரின் உயரத்துக்கு நிறுத்தப்பட்டிருந்தது. தாழ்த்துவார் எவருமில்லை, அதன் திருகோ அவள் விரலுக்கு இசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் தம் மனைவியிடம், இது யார் என்று கேட்டது அவள் செவியில் தெளிவாய் விழுந்தது. குழலி ஒலிவாங்கியை விட்டு விலகி, மேடையின் விளிம்புக்கு வந்து, வெறுங்குழலை இதழில் பொருத்தினாள்.

முதல் மூச்சு பிளந்தது. காற்று மட்டுமே வந்தது. சிலர் சிரித்தனர். இரண்டாம் மூச்சில் ஒரு சுரம் எழுந்து, தாழ்ந்து, கால் ஊன்ற இடம் தேடி நின்றது. மூன்றாவதில் பண் தன் வழியை அறிந்துகொண்டது. மெல்லிய ஓசையாதலின், கேட்க வேண்டுவோர் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தினோர் பக்கத்திலிருந்தோரை அடக்கினர். வரிசை வரிசையாய் அவை அடங்கிற்று. வற்றிய வாய்க்காலில் மடை திறந்த நீர் முதலில் மண்ணை நனைத்து, பள்ளம் நிரப்பி, பின்பு ஓடத் தொடங்குவதுபோல், அவள் தயங்கித் தயங்கிப் படர்ந்து, மேல்நிலைச் சுரங்களின் வாயிலில் வந்து நின்ற வேளையில், மேடையின் ஓரத்தில் செயலர் ஒரு விரலை உயர்த்தினார்.

கண்டாள். பத்தாண்டுப் பழக்கம் அவள் இதழைப் பின்னுக்கு இழுத்தது. ஒரு துளைமேல் விரல் தளர்ந்தது. செயலர் விரலை விடுத்துக் கையை உயர்த்தினார். பின்பு இரு கைகளையும் உயர்த்தி, கோழியை விரட்டுவார்போல் வீசினார். அவருக்குப் பின்னே பெரும்பாடகர் வியர்வையைத் துடைத்தவாறு நின்றார். அக்கணத்தில் குழலியின் நெஞ்சில் வீரமும் எழவில்லை, பெருமையும் எழவில்லை. முழவு இல்லாத குறையும், முழவு இருந்த குறையும், நிழற்படமும், இரண்டு மணிநேரம் ஏந்திய போர்வையும் ஒன்றாய் எழுந்தன. இனி இவருக்காக ஒரு மூச்சைக்கூடப் பாதியில் அறுப்பதற்கில்லை என்று தோன்றியது, அவ்வளவே. அவள் சிறிதே திரும்பி, செயலர் தன் கண்ணில் படாதவாறு நின்று, எடுத்த பண்ணை முடிக்கும் வரை வாசித்தாள். அதற்கு மேலும் எட்டு நிமிடம் ஆயிற்று.

கைதட்டல் இடியென முழங்கவில்லை. சற்றே தயங்கி எழுந்து, நெடுநேரம் நின்றது. பெரும்பாடகர் அவளைக் கடந்து செல்லுங்கால் தலையை ஒருமுறை அசைத்தார். அது பாராட்டோ, வழிவிடச் சொல்லியதோ, அவள் அறியாள்.

பின்வாயிலில் செயலர் காத்திருந்தார். கனிவு அவரை விட்டு நீங்கியிருந்தது.

“கை காட்டினேனே, பாக்கலையா நீங்க?”

“பாத்தேன் ஐயா. பாட்டு முடியல.”

அவர் மாற்றுப் பட்டியலை வருவித்து, அவள் கண்முன்னே அவள் பெயரை அடித்தார். ஒரு பெயரே இருந்த பட்டியல் ஆதலின், அது வெற்றுத்தாள் ஆயிற்று.

திங்களன்று குழலி விடுதிக்குச் சென்று, வரவேற்புப் பணி வேண்டாம் என்று கூறினாள். அவ்வாரத்தோடு அங்கே அவள் குழலும் ஓய்ந்தது. அண்ணன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அண்ணி மூன்று நாளும் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். நான்காம் நாள் அவள் ஆறாவது வேண்டுகோள் தாளை, பட்டறிந்தோர் வரிசையில் குறியிட்டு, மன்றத்துக்குக் கொண்டு சென்றாள். செயலர் தாளைப் பார்த்து முதலில் வியந்து, பின்பு நகைத்து, இம்மேடையில் எப்போது வாசித்தீர்கள் என்று கேட்டார். வெளியறையிலிருந்து எழுத்தர் அம்மையார் பேரேட்டைத் தூக்க மாட்டாமல் தூக்கிவந்து மேசைமேல் போட்டார். அச்சனிக்கிழமையின் நேரே, குழல், பதினெட்டு நிமிடம் என்று அவர் கையெழுத்தில் பதிந்திருந்தது.

“மேடையில வாசிச்சிருக்கணும்னுதான் விதி. எவ்வளவு நேரம்னு விதியில போடல. போடச் சொல்லி நான் ஒன்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன், யாரும் கேக்கல.”

செயலர் விதியை மும்முறை படித்தார். மும்முறையும் அது அவ்வாறே இருந்தது. ஆயினும், நன்மை நேர்வழியில் வந்துவிட்டால் மன்றத்துக்கு என்ன மதிப்பு? தாள் ஒருமுறை தொலைந்தது. ஒருமுறை வேறொருவர் கோப்பில் கிடைத்தது. குழலி வாரந்தோறும் சென்று, அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவளைக் கண்டதும் காவலர், அம்மா, இன்னும் வரவில்லை என்று தாமாகவே கூறுமளவு பழகினார். நான்கு மாதம் கழித்து, அடைமழைக் காலத்துப் புதன்கிழமைப் பிற்பகல் ஒன்று அவளுக்கு ஒதுக்கப்பட்டது. வேறு எவரும் வேண்டாத நாள்.

அறுபத்திரண்டு பேர் வந்தனர். அவருள் சிலர் மழைக்கு ஒதுங்கியோர். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு அண்ணியோடு வந்து, இருக்கை நனைந்திருக்கிறது என்று குறைகூறி, மூன்றாம் வரிசையில் அமர்ந்தார். இரண்டாம் பண்ணில் குழலியின் விரல் ஒருமுறை பிழைத்தது. மயிரிழைப் பிழைதான், ஆயினும் அவளுக்கும் அண்ணனுக்கும் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. கூரைமேல் மழை தன் போக்கில் முழவு கொட்ட, அதனோடு ஒத்தும் ஒவ்வாதும் ஒரு மணிநேரம் முழுமையாய் வாசித்து முடித்தாள். யாரும் கை காட்டவில்லை. முடிந்தபின், அண்ணி எழுந்து நின்று கைதட்டினார். அண்ணன் எழவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

செயலர் மேடையோரம் வந்து, நன்றாக இருந்தது, இன்னும் சற்றே சுருக்கமாக வாசித்திருக்கலாம் என்றார். குழலி குழலை உறையிலிட்டவாறே, அடுத்த ஆண்டுக்கான தாள் இப்போதே கிடைக்குமா என்று கேட்டாள்.

ஊக்கமுடையார்க்குச் சலிப்பில்லை என்று எழுதி வைத்தோர் பலர். குழலிக்குச் சலிப்பிருந்தது, அன்றும் இருந்தது, மறுநாளும் இருந்தது. சலித்துக்கொண்டே மூச்சைக் கூட்டினாள். சலித்துக்கொண்டே தாள் எழுதினாள். அவள் வாசித்த பண்ணில் மட்டும் அச்சலிப்பின் நிழல் விழவில்லை. மலைமேல் ஏறுவான் மலையை வைதுகொண்டு ஏறினாலும் ஏறியது ஏறியதே. உலகம் வழிவிடத் தாமதிக்கும், வழிவிட்டபின்னும் குறை கூறும். அதற்குள் வாசிக்க வேண்டியதை வாசித்து முடிப்பதே வாசிப்பவர் கடன்.