விளாவுகிற தண்ணீர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். பொறாமை ஒரு மனுஷியை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்று ஒரு கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதில் எந்தக் குழந்தையும் சாகாது.

கவரைப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி எட்டே கட்டில் போட்ட ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பதினாறு வருஷமாகப் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டியவள் ஆயா அஞ்சம்மாள். நீட்டிய காலில் போட்டு அவள் தண்ணீர் ஊற்றினால் வீறிடுகிற குழந்தையும் கொட்டாவி விடும். "அஞ்சம்மா கைதான் வேணும்" என்று தாய்மார் கேட்பார்கள். அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு செரிக்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம், இரண்டு குழந்தைகளுக்குத் தொப்புளில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. சென்னைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மாவுக்கு நிம்மதி போய்விட்டது. மாடித் தொட்டிக்குக் குளோரின் கலக்கிற மெஷின் வைத்தார். அதைப் பார்த்துக்கொள்ள, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் தண்ணீர் பரிசோதிக்கிற காண்டிராக்ட் வேலை பார்த்த ஹெலனை எடுத்தார்.

தினமும் காலையில் ஹெலன் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து நாலு சொட்டு மருந்து விடுவாள். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, கிருமிக்குப் பயமில்லை. தாய்மார் கட்டிலை விட்டு எழுந்து வந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். அஞ்சம்மாளுக்கு அது பொறுக்கவில்லை.

"மஞ்சத் தண்ணி காட்டினா ஆடுகூடத்தான் தலைய ஆட்டும்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

"ஆட்டுக்கு யாரு காட்டினாங்க அக்கா? உனக்குத்தானே காட்டிக்கினு கீறேன்" என்றாள் ஹெலன். வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு அஞ்சம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஒருநாள் ஹெலன் குளிப்பாட்டுகிற அறையில் இருந்த நீல டிரம்மிலும் தண்ணீர் எடுத்துப் பார்த்தாள். அஞ்சம்மாள் வெந்நீரைத் தளதளவென்று கொதிக்கவைப்பாள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சூடு தணிய விளாவுவது இந்த டிரம் தண்ணீரைத்தான். லாரியில் வந்து, மூடியில்லாமல் நின்று, எல்லார் கையும் முங்கிய தண்ணீர். நாலு சொட்டு விட்டும் நிறம் மாறவில்லை.

"கொதிக்க வச்சது இன்னாத்துக்கு அக்கா? கடைசில பச்சத் தண்ணிய ஊத்திட்டா எல்லாம் வீணாச்சே!"

"உன் பவர் பிளாண்ட்ல பாய்லருக்குப் புள்ள பொறந்துச்சா, நீ குளிப்பாட்டிப் பார்க்க?"

டாக்டரம்மா இருவரையும் அடக்கினார். "அஞ்சம்மா, டிரம்மைத் தேய்ச்சுக் கழுவி தொட்டித் தண்ணி புடிச்சு வை. நாளைக்கு நானே பார்ப்பேன். சரியில்லைன்னா இனிமே ஹெலன் குளிப்பாட்டட்டும்."

அஞ்சம்மாள் கழுவினாள், பிடித்தாள். அதோடு விட்டிருக்கலாம், இல்லையா? பொறாமை விடவில்லை. ஹெலனின் மஞ்சளைவிடத் தன் மஞ்சள் அழுத்தமாக வரவேண்டும். தரை கழுவுகிற பிளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

மறுநாள் விடிந்ததும், பழவேற்காட்டு மெஹர்னிசா தன் மகள் ஹுமைராவின் மூன்று நாள் குழந்தையைத் தூக்கி வந்தாள். "நாஷ்டா துன்னுட்டு ஊருக்குக் கெளம்பணும். நீயே ஊத்து அக்கா, அந்தப் பொண்ணு வேணாம்."

அந்தப் பொண்ணு வேணாம்! அஞ்சம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தையைக் காலில் போட்டு, வெந்நீரில் டிரம் தண்ணீரை விளாவினாள். குப்பென்று நெடி கிளம்பியது. அவள் கண் எரிந்தது, தொண்டை கமறியது. குழந்தை முகத்தைச் சுளித்து இருமியது.

சொம்பு கையிலேயே நின்றது. வாசலில் ஹெலனும் டாக்டரம்மாவும் வந்துவிட்டார்கள். தண்ணீரில் பல்லி விழுந்தது என்று ஒரு பொய் சொன்னால் மானம் தப்பும். குழந்தை இன்னொருமுறை இருமியது.

"எடுத்துக்கோ புள்ளைய!" என்று மெஹர்னிசாவிடம் கத்தினாள். "பிளீச்சிங் பவுடர் போட்டேன். இவளைவிட மஞ்சளா வரணும்னு ரெண்டு கை போட்டேன்."

ஹெலன் சோதித்தாள். குளோரின் அளவு மீறி, தண்ணீர் மஞ்சளையும் தாண்டிச் செங்காவி நிறத்துக்குப் போனது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ஹெலன், நீயே குளிப்பாட்டு" என்றார் டாக்டரம்மா.

கொதித்து ஆறிய நீரை விளாவி, ஹெலன் காலை நீட்டி உட்கார்ந்தாள். குழந்தை அவள் காலிலிருந்து நழுவியது. "ஐயோ, எறா மீனு மாதிரி வழுக்குதே!"

உண்மையைச் சொல்கிறேன் கண்ணுகளா, அஞ்சம்மாளின் மனசு ஒரு நொடி குளிர்ந்தது. அடுத்த நொடியே அவள் கை தானாக நீண்டு குழந்தையின் கழுத்தைத் தாங்கிக்கொண்டது.

ஹெலன் எழுந்து இடம் விட்டாள். "நீ குந்து அக்கா. மேடம், அக்காவே ஊத்தட்டும். ஆனா தண்ணி நான்தான் கலந்து தருவேன். நான் தராத தண்ணி ஒரு சொட்டு விழக்கூடாது."

டாக்டரம்மா சரி என்றார்.

"ரொம்பப் பேசாதடி. சொம்ப இப்படிக் குடு" என்றாள் அஞ்சம்மாள்.

உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைகள் நோய்நொடி அண்டாமல், தொப்புள் காய்ந்து, தூளி நிறையத் தூங்கி வளரட்டும். அவர்களைத் தாங்குகிற கைகளும் நல்லா இருக்கட்டும்.