மூன்று கிடாயும் ஆறு தோள்பட்டையும்

சிவகிரி பவுல்பாண்டியன் வீட்டுச் சட்டம் கொஞ்சம் தலைகீழ். ஊரில் மற்றவர்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். அவர் கை நனைத்த பிறகுதான் சம்மதம் சொல்வார். இலையில் கறித்துண்டு எட்டுக்குக் குறைந்தால், பெண் வீட்டாருக்கு மனசு சின்னது என்று எழுந்துவிடுவார். அவருடைய தம்பி மகன் எஸ்ராவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் இப்படித் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஆறு துண்டில், இன்னொன்று ஏழில்.

மூன்றாவது இடம் சங்கரன்கோவில் ஜெபசுந்தர் வீடு. அவர் மகள் ஹெப்சியும் எஸ்ராவும் ஒரே பேங்கில் வேலை பார்ப்பவர்கள். யாருக்கும் தெரியாதென்று நம்பிக்கொண்டு இரண்டு வருஷமாகப் பழகியவர்கள்.

"அப்பா, எட்டுத் துண்டு. எண்ணிப் போடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் உங்கள்ட்ட கேக்கல" என்றாள் ஹெப்சி.

முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற ஜெபசுந்தர், எட்டென்ன, பத்தே போடலாம் என்று மூன்று கிடாய்க்குச் சொல்லிவைத்தார். பழைய மாணவன் துரைப்பாண்டி கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஓட்டிவந்தான். சார்வாள் வீட்டு விசேஷமாயிற்றே என்று தொழுவிலேயே மூத்ததாகப் பார்த்துப் பிடித்திருந்தான். எல்லாம் மரியாதைதான். மூன்றும் இரண்டு சட்டமன்றத் தேர்தலைப் பார்த்தவை. அதில் ஒன்று மைக் கட்டின வேன் சத்தம் கேட்டாலே தானாக ஓரம் ஒதுங்கும்.

நிச்சயத்தன்று விடியக்காலம், பிரியாணி மாஸ்டர் ரசூல் கறி வெட்டினார். கத்தி வளைந்தது.

"சார்வாள், இது கறியா, டிராக்டர் டயரா?"

"வேகாதா வே?"

"பப்பாளிக்காய அரைச்சுப் போட்டா வேகும். மூணு கிடாக்கும் சேத்து ஒரே ஒரு காய். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது."

"ஏன் ஒண்ணுன்னு கேக்கேன்?"

"எங்க வாப்பா ஒண்ணுதான் போட்டார்."

ஜெபசுந்தருக்கு இது ஒரு காரணமாகப் படவில்லை. அண்டாவுக்குப் பக்கத்திலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டார். "கேளும் வே. கறிங்கிறது செல்லு. ஒரு செல் பக்கத்துச் செல்ல எப்படிப் பிடிச்சிருக்கு? கேடரின்னு ஒரு புரதம். ரெண்டு பக்கமும் கை நீட்டிக் கோத்துக்கிடும். செல்லுக்கு வெளிய கொலாஜன்னு ஒரு வலை. அந்த வலையில செல்லக் கட்டிப்போடுதது இன்டெக்ரின்னு இன்னொரு புரதம். இந்தப் பிடிமானம் மட்டும் இல்லன்னா ஆடும் கிடையாது, நீரும் கிடையாது, நானும் கிடையாது. எல்லாம் தரையில சிந்திக் கிடப்போம். பப்பாளிப் பால் என்ன செய்யுது? இந்தக் கையெல்லாம் நறுக்கிவிடுது."

"நறுக்கட்டும் சார்வாள். ஒரு காய் நறுக்குனாப் போதும்" என்று சொல்லிவிட்டு, ரசூல் தொழுகைக்குப் போனார்.

ஜெபசுந்தர் கணக்குப் போட்டார். வழக்கமான கிடாய்க்கு வயசு ஒன்று. இவற்றுக்குப் பத்து. அப்படியானால் பிடிமானமும் பத்து மடங்கு. ஆக, பத்துக் காய். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கொல்லைப் பப்பாளி மரத்தை மொட்டையடித்து, துரைப்பாண்டியை முழங்கை வரை விட்டுப் பிசையச் சொன்னார். (அடுத்த மாதம் ரேஷன் கடை மெஷினில் துரைப்பாண்டி பெருவிரலை வைத்தபோது, அப்படி ஒரு ஆளே தமிழ்நாட்டில் இல்லை என்று அது சொல்லிவிட்டது. அது தனிக்கதை.)

திரும்பி வந்த ரசூலிடம் அவர் இதைச் சொல்லவில்லை. விடை வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

விடை மத்தியானம் வந்தது. வீட்டை ஒட்டிய சபை மண்டபத்துக்குப் பின்னால் தம் பிரித்த ரசூல், கரண்டியை விட்டுத் துழாவினார். மறுபடியும் துழாவினார். பிறகு ஜெபசுந்தர் காதோரம் வந்தார். "சார்வாள், கறியக் காணும்."

சோறு நல்ல பழுப்பில் மின்னியது. வாசனை ராஜபாளையம் ரோடு வரை போனது. நடுநடுவே எலும்புகள், சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் உலர்த்தினது மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தன. துண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை.

முதல் பந்தியில் பவுல்பாண்டியன் இலையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலால் உழுதார்.

"சார்வாள், கறி எங்கன?"

ஹெப்சி அப்பாவைப் பார்த்தாள். ரசூலும் பார்த்தார். மாஸ்டர் கெடுத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதி மானம் மிஞ்சும். ஜெபசுந்தர் தொண்டையைச் செருமினார்.

"ரசூல் மேல தப்பில்ல. நான்தான் பத்துக் காய் போட்டேன். கறி இருக்கு. ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்கு."

"மூணு கிடா கரைஞ்சு போச்சுன்னு சொல்லுதிய?"

"ஆமா."

"உப்பா அது, கரையுததுக்கு? ஏலே எஸ்ரா, எந்தி. கார எடுக்கச் சொல்லு."

எஸ்ரா எழுந்திருக்கவில்லை. ஆனால் பெரியப்பாவை எதிர்த்துப் பேசவும் அவனுக்கு வாய் வரவில்லை. ஹெப்சியின் கண் கலங்கியதைப் பார்த்ததும், ஜெபசுந்தருக்குள்ளிருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். ஒரு ஆட்டுக்குத் தோள்பட்டை எலும்பு ரெண்டு. மூணு ஆட்டுக்கு ஆறு. வெட்டியிருந்தாலும் துண்டு துண்டாப் பொருத்திக் காட்டிருதேன். ஆறு வரலன்னா நானே கார் கதவத் திறந்துவிடுதேன்."

தரையில் வாழையிலை விரித்தார்கள். அண்டா எலும்பும் இலை எலும்பும் வந்து குவிந்தன. ஜெபசுந்தர் வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பக்கத்தில் வந்து குந்திவிட்டார்கள். "அது முழங்கால்வே, இங்கன வராது!" "ஒமக்கு என்னவே தெரியும், நான் ஆடு மேய்ச்சவன்!" என்று இரண்டு வீடும் ஒரே குடும்பமாகச் சண்டை போட்டது. மூன்று மணிக்குள் நெஞ்சுக்கூடு ஒன்றே முக்கால் தேறியது. தோள்பட்டை ஐந்து.

"ஆறு எங்கன?" என்றார் பவுல்பாண்டியன்.

ஜெபசுந்தர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இல்லை. பந்தியைச் சுற்றினார். இல்லை. ரசூல் கார் நின்ற பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது பவுல்பாண்டியனின் தங்கை ஷீஜா கைப்பையைச் சேலைக்குள் இழுத்தாள். உள்ளே பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"வீட்டுல நாய் ஒண்ணு கெடக்குல்லா அண்ணே..." என்றாள்.

கவர் வெளியே வந்தது. ஆறாவது தோள்பட்டை வந்தது. கூடவே ஒரு தொடையெலும்பும், பந்தியில் போட்ட நாலு லட்டும் வந்தன. நாய் லட்டு தின்னுமா என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகமான ஜனங்கள்.

பவுல்பாண்டியன் தங்கையைப் பார்த்தார், லட்டைப் பார்த்தார், கடைசியாக மேற்கூரையைப் பார்த்தார். மனசு சின்னது என்ற பேச்சை இனி அந்த மண்டபத்தில் எடுக்க முடியாது.

"கணக்கு சரியா இருக்கு. போதகரக் கூப்பிடுங்க, மோதிரம் மாத்துவோம்" என்றார். "ஆனா சார்வாள், ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்தன்னைக்கு நீங்க அண்டாப் பக்கம் வரப்படாது."

"வரல. ஆனா அண்ணாச்சி, சூடு ஏற ஏறப் பப்பாளிப் பாலுக்கு வேகம் கூடுங்கிறத நான்..."

"அப்பா" என்றாள் ஹெப்சி.

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஜெபசுந்தர் பாடத்தைப் பாதியில் நிறுத்தினார்.