வசனம் கேட்க ஓர் ஆள்

என் வீட்டுக்காரர் முடி திருத்துபவர். சபையில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: கேசட். பைபிளில் எந்த அதிகாரம், எந்த வசனம் என்று சொன்னால் போதும், பிசிறில்லாமல் ஓடும். கேலியாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

காலையில் வாயில் தண்ணீர் படுவதற்கு முன்னால் ஒரு வசனம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவர் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒப்பிப்பார். நான் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பைபிளுமாக நின்று சரிபார்ப்பேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் வசனம் முடியும்வரை நான் அசையக் கூடாது. நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. வசனத்தை மனதில் வைத்திருப்பவன் தடுமாற மாட்டான் என்று போதகர் அடிக்கடி சொல்வார். என் வீட்டுக்காரர் தடுமாறியதே இல்லை. மற்றவர்கள்தான் அவர்மேல் தடுக்கி விழுந்தார்கள்.

முதலில் விழுந்தது அவருடைய ஒரே தம்பி. அந்தத் தம்பி கட்டியிருப்பது என் கூடப்பிறந்த தங்கையை. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கொடுத்தால் பெண்கள் பிரியாமல் இருப்பார்கள் என்று எங்கள் அம்மா கணக்குப் போட்டாள். அந்த நிம்மதியிலேயே கண்ணை மூடிவிட்டாள், பாவம்.

அண்ணனும் தம்பியும் ஒரே கடையில், ஒரே நீளக் கண்ணாடிக்கு முன்னால், அடுத்தடுத்த நாற்காலிகளில் வேலை பார்த்தார்கள். சவரத்துக்கு வருகிறவர் என் வீட்டுக்காரரின் நாற்காலியில் சாய்ந்ததும் கழுத்தில் துணியைக் கட்டி, முகம் நிறைய நுரை பூசி, அன்றைய வசனத்தை ஆரம்பித்துவிடுவார். கேட்டால் மட்டும் போதாது, அந்த மனிதர் திருப்பியும் சொல்ல வேண்டும். நுரை வாய்க்குள் போகும். கழுத்தில் கத்தி இருக்கும்போது ஆமென் சொல்ல மாட்டேன் என்று யார்தான் சொல்வார்கள்? ஆனால் அடுத்த முறை அதே ஆள் பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு அவசரமில்லங்க, சின்னவர்கிட்டயே பண்ணிக்கறேன்" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வார். தம்பி நாற்காலிக்குக் கூட்டம் நிற்கும். அண்ணன் நாற்காலியில் ஈ உட்காரும்.

ஒருநாள் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது தம்பி வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"அண்ணா, ஆளுங்க முடி வெட்டிக்கத்தானே வர்றாங்க. கொஞ்சம் விட்டுப் பிடிச்சா என்ன?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்களாம். அவ்வளவுதான். வேதத்தை அவமதித்தவனோடு ஒரே கண்ணாடியில் முகம் பார்க்க மாட்டேன் என்று இவர் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். தம்பி தன்னுடைய கத்தரிக்கோலையும் சீப்பையும் சுருட்டிக்கொண்டு போய் அடுத்த தெருவில் ஒற்றை நாற்காலி போட்டார். வீட்டுக்கு வந்த இவர் என்னிடம், "அவன் வாசலை மிதிச்ச கால் இந்த வாசலை மிதிக்கக் கூடாது" என்றார். என்னுடைய காலைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நானும் தங்கையும் சந்தித்துக்கொள்வது சபையின் பின்பக்கக் குழாயடியில், கை கழுவுகிற சாக்கில். திருடிகளைப் போல. அப்போதுதான் பல வருடம் கழித்து அவள் மாசமானாள். கால் வீங்கியிருக்கிறது, தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொல்வாள். தாயில்லாத பெண்ணுக்கு நான்தான் தாய்வீடு. அந்தத் தாய்வீடு குழாயை மூடிவிட்டு, நல்ல பிள்ளையாகப் புருஷன் பின்னால் நடக்கும்.

எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். எந்த வசனத்தை மனப்பாடம் செய்வது என்பதை அவர் என்னிடமே விட்டிருந்தார். எந்த வசனமானாலும் தனக்கு ஒன்றுதான் என்று பெருமை. ஆகவே நான் மன்னிப்பைப் பற்றிய வசனங்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட ஆரம்பித்தேன். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்கிற பகுதியை ஒரே காலையில் விழுங்கினார். பொழுது சாய்வதற்குள் கோபத்தை விடச் சொல்கிற வசனத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, தம்பி கடை கண்ணில் படாமல் இருக்க இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். சகோதரனைப் பகைக்கிறவன் இருட்டில் நடக்கிறான் என்று வருகிற இடத்தைக் கொடுத்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"அருமையான வசனம்" என்றார்.

"யாருக்கோ சொன்ன மாதிரி இல்ல?" என்று கேட்டேன்.

"ஆமா. அவனுக்குத்தான் சொல்லியிருக்கு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

தங்கையும் தன் வீட்டில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆனால் அவளுக்கு வாய்த்தவர் மண்டையில் வசனம் லேசில் ஏறாது. ஒரே வசனத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார். அந்தச் சமயம் அவர் கையில் இருந்தது மத்தேயுவில் காணிக்கை செலுத்தப் போகிறவனைப் பற்றிய இடம். உன்மேல் சகோதரனுக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று வரும்.

"நேத்து பாதியில நிறுத்திட்டாருக்கா" என்றாள் தங்கை குழாயடியில். "இதுல யாருக்கு யார் மேல குறை, எனக்கு அண்ணா மேலயா, அண்ணாவுக்கு என் மேலயான்னு கேட்டார். அண்ணாவுக்கு உங்க மேலன்னுதான் போட்டிருக்குன்னேன். அப்புறம் சாப்பிடவே இல்ல."

அவருக்கு ஞாபகசக்தி இல்லாதது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வசனம் ஒப்பிக்கிற நேரம். சோதிப்பவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? என் வீட்டுக்காரர் பீடத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, மடியில் பைபிளைத் திறந்து வைத்து, அதைப் பார்க்காமலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு சொல் தப்பினால் விரலைத் தூக்குவார். தூக்கினால் அடுத்த வாரம்தான்.

அன்று தம்பி எழுந்து முன்னால் போனார். முகம் வெளிறியிருந்தது. வசனத்தை ஆரம்பித்தார். சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவுகூர்ந்தால் என்பது வரை வந்தார். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்பது வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். மறந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம். விரல் மேலே போனது. தம்பி அதைக் கவனிக்காமல் மேடையை விட்டு இறங்கி, நேராக அண்ணனின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் முதல்முறையாகக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"வசனம் முடியலையே. இன்னும் பாதி இருக்கு. அடுத்த வாரம் முழுசாச் சொல்லு."

அதோடு விடவில்லை. சபை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போகக் கூடாது அல்லவா? மீதியைத் தானே சொல்லி முடித்தார். முதலில் உன் சகோதரனோடு சமாதானமாகு, பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து என்கிற பகுதி. ஒரு எழுத்து தவறவில்லை. பழக்கதோஷத்தில் பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அடுத்தது என் முறை. எழுந்தேன்.

"எனக்கு ஒரு வசனமும் ஞாபகம் வரல" என்றேன். "என் தங்கச்சிக்குக் கால் வீங்கியிருக்கிறதுதான் ஞாபகம் வருது. நான் அவ வீட்டுக்குப் போறேன்."

பையை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். போதகர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைத் தேடினார்.

இருட்ட ஆரம்பித்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அங்கே வந்தார். நான் தங்கையின் காலை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பைபிளோடு படிக்குக் கீழேயே நின்றார். வா என்றும் சொல்லவில்லை, தன்மேல் தப்பு என்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு வசனம் கேக்க வீட்ல ஆள் இல்ல" என்றார்.

"எனக்குக் கை ஒழியலைங்க."

தம்பி எழுந்து போய் அவரிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். "சொல்லுங்கண்ணா, நான் கேக்கறேன்" என்றார்.

வாசலுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். அது பைபிளின் சங்கீதங்களில் நீளமான ஒன்று. தம்பி விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே வந்தார். நடுவில் விரல் நின்றது. இவர் ஒரு வரியை முழுதாகத் தாண்டிப் போயிருந்தார். நான் கவனித்தேன், தம்பியும் கவனித்தார். விரல் அந்த வரியை மெதுவாகக் கடந்து இவர் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டது.

"சரியா இருக்குண்ணா" என்று புத்தகத்தை மூடினார்.

இவர் போகவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஒரு வரி விட்டுட்டேன்டா."

"தெரியும்ணா."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?"

தம்பி, அண்ணன் குனிந்தபோது பின்கழுத்தில் காடாக மண்டிக்கிடந்த முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய தொழில்காரனும் தன் பின்தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அண்ணனுக்குத் தம்பியும் தம்பிக்கு அண்ணனும்தான் வெட்டிவிடுவார்கள். சண்டை வந்த நாளிலிருந்து இவர் வேறு எவரையும் தலையில் கை வைக்க விட்டதில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தம்பி உள்ளே போய் ஒரு முக்காலியையும் துண்டையும் கத்தரிக்கோலையும் எடுத்து வந்தார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். வெட்டி முடிக்கும்வரை அவர் ஒரு வசனமும் சொல்லவில்லை.