ஒனோஃப்ரியோ அடிகளின் கடல் வரைபடம்

“உந்தக் கிழவர் ஏன் ஆழம் கேக்கிறார்?” என்று அருளையா கேட்டபோது எமிலியானாவுக்கு முதலில் விளங்கவில்லை.

இத்தாலியில், பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் தமிழ்ப் பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. 1996ஆம் ஆண்டுத் தவக்காலம். உள்ளே, ஓய்வுபெற்ற குருவான டொன் கலோஜெரோ, மன்னார்ப் பேசாலையிலிருந்து வந்த இரண்டு பேரை வாங்கில் இருத்திவைத்து எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார். எமிலியானா அவர் வீட்டில்தான் வேலை செய்தாள். ஒரேத்தோ வீதியில் ஒரு மூன்றாம் மாடி. கூட்டித் துடைத்து, உடுப்பு அழுத்தி, மத்தியானத்துக்கு ஒரு சூப்பும் வைத்துவிட்டு வருவாள்.

“புத்தகம் எழுதிறார் அண்ணை. முந்தி இஞ்சையிருந்து மன்னாருக்குப் போன ஒரு பாதிரியாரைப் பற்றி. நானூறு வரியத்துக்கு முந்தி.”

“நானூறு வரியத்துக்கு முந்திச் செத்த ஆளுக்கு, மாரியிலை தலைமன்னார்த் திட்டையிலை எவ்வளவு தண்ணி நிக்குமெண்டது என்னத்துக்கு?”

அருளையா பேசாலையில் கடல் தொழில் செய்தவர். இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவுகிறார். தமையனின் மகனைக் கடலில் பறிகொடுத்த மனுசன். எமிலியானாவின் தம்பி ஜெனிஸ்டன் மணல் திட்டைகளுக்கு நடுவே வள்ளம் விட்டு அகதிச் சனத்தை இராமேச்சரப் பக்கம் இறக்குகிறான் என்பது பலெர்மோவில் அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவர் அவளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் வேலை செய்யும்போது டொன் கலோஜெரோவைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒனோஃப்ரியோ அடிகளின் கதையை அவர் துண்டு துண்டாக அவளுக்குச் சொல்லியிருந்தார். பலெர்மோவில் கயிறு திரிப்பவர் ஒருவரின் மகன். துறவற சபையில் சேர்ந்து, கப்பலேறி, கோவா வந்து, அங்கிருந்து மன்னாருக்கு அனுப்பப்பட்டவர். கப்பலில் வந்த காய்ச்சல் அவருடைய ஒரு காதின் செவிப்புலனைக் கொண்டுபோய்விட்டது. மற்றக் காதைத் திருப்பித் திருப்பி வைத்துத்தான், கருவாடு காயப்போடும் பெண்களிடம் தமிழ் படித்தார். வற்றுக் காலத்தில் மூங்கில் கழி ஒன்றை ஊன்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் திட்டை திட்டையாக நடந்து, கரையோரச் சேரிகளுக்குப் பூசை வைக்கப் போனார். நடந்த வழியெல்லாம், திட்டைகளுக்கு இடையே ஓடும் ஆழமான வாய்க்கால்களையும் சேர்த்து, ஆழம் பார்த்துக் குறித்தார். வெள்ளைக்காரர் எவரும் அதற்கு முன் அந்த வழியைக் கண்டதில்லை என்று டொன் கலோஜெரோ பெருமையாகச் சொல்வார்.

நல்ல கதைதான். ஆனால் ஒருநாள் மேசை துடைக்கப் போனபோது அங்கே விரித்துக் கிடந்தது பழைய படமல்ல, கப்பற்காரர் பாவிக்கும் புதுக் கடல் வரைபடம். அதன்மேல் அடிகள் நடந்த வழிகளைக் கிழவர் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். மன்னார்க் கோட்டையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். தலைமன்னாரில் ஒன்று. தீவுப் பக்கம் இன்னும் சில. ஆமிக்காரனும் நேவிக்காரனும் இருக்கிற இடங்கள். அவளுடைய கை துணியோடு அப்படியே நின்றது.

அருளையாவிடம் சொன்னாள்.

“நான் சொன்னனான் தானே,” என்றார் அவர். “நீயும் வாயைக் கட்டு. அவரின்ரை வீட்டிலை வேலை செய்யிறது நீதான்.”

அந்தக் கடைசிச் சொல் அவளைக் குத்தியது. என்ன நினைத்துச் சொன்னார் என்று கேட்கவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு டொன் கலோஜெரோ வந்தபோது வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. பேசாலைக்காரருக்கு வேலை இருந்தது. வேறொருவருக்கு இத்தாலியன் மறந்துபோனது. கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ்சுக்கு நடந்தார்.

குருத்து ஞாயிறுக்கு முதல் கிழமை அவருடைய வீட்டுக்கு ஒருவன் வந்தான். நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு. ரோமாபுரியில் வரலாறு ஆராய்வதாகவும், கொழும்பைச் சேர்ந்தவன் என்றும் சொன்னான். தேயிலைப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தான். எமிலியானா குசினியில் கோப்பி வைத்துக்கொண்டே காது கொடுத்தாள். அவனுடைய இத்தாலியன் சுத்தமாக இருந்தது. ஒனோஃப்ரியோ அடிகள் எங்கே பிறந்தார், எப்படிச் செத்தார் என்று ஒரு கேள்வி இல்லை. “தெற்குத் திட்டைகளின் படம் எப்போது தயாராகும்? இந்த வழியால் இப்போதும் வள்ளம் போகுமா? மீனவர்கள் என்ன சொல்கிறார்கள்?”

அவள் கோப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்து, தமிழில் கேட்டான்.

“நீங்கள் எந்த ஊர், அக்கா?”

அவள் விளங்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இத்தாலியனில், “மன்னிக்கவும், சிஞ்ஞோரே, நான் மொரீசியஸ்,” என்றாள்.

அவனுடைய பார்வை அவள் கழுத்துக்கு இறங்கியது. மன்னார்ப் பக்கத்து மடு மாதாவின் பதக்கம் அங்கே தொங்கியது. அவன் சிரித்துக்கொண்டே டொன் கலோஜெரோவைப் பார்த்தான். அவள் பேசாலை என்பது கிழவருக்கு நன்றாகத் தெரியும்.

“மொரீசியஸ்தான்,” என்றார் கிழவர், கோப்பிக்குள் சீனியைப் போட்டுக் கலக்கியபடி. “அங்கே பெரும்பாலும் இந்துக்கள். இவளுக்கு நானே ஞானஸ்நானம் கொடுத்தேன்.”

அவன் போனபின் அவர் கதவடியிலேயே நின்றார்.

“நான் இப்போது பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உன் முகத்தைப் பார்த்தேன், சொல்லிவிட்டேன். காரணத்தை நீ சொல்லு.”

“அந்தத் திட்டைகளுக்குள்ளால் இப்போதும் சனம் போகுது, பாத்ரே. பிள்ளைகளோடு, ஒளித்து.” தம்பியின் பெயரை அவள் எடுக்கவில்லை. “நீங்கள் ஏன் ஆமிக் காம்புகளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள்?”

“எந்தக் காம்ப்? அவை போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய இடங்கள். ஒனோஃப்ரியோ தங்கிய இடங்கள்.”

இருவரும் மேசைக்குப் போய் வரைபடத்தைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு வட்டத்திலும் விரல் வைத்து, இன்று அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொன்னாள். கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான், அதுவரை அவளுக்குச் சொல்லாத பகுதியைச் சொன்னார்.

ஒனோஃப்ரியோ அடிகள் தம் படத்தை மன்னார்க் கோட்டைத் தலைவனான போர்த்துக்கேயக் கப்பித்தானிடம் கொடுத்தார். புயலில் அகப்படும் கப்பல்கள் ஒதுங்க வழி வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். அடுத்த வருசம் அந்த வழியாலேயே இரண்டு சிறு கப்பல்கள் போய், முத்துக்கு வரி கொடுக்க மறுத்த ஒரு சேரியைக் கொளுத்தின. அடிகள் ஞானஸ்நானம் கொடுத்த சனம் அது. அதன் பிறகு அவருக்கு ஒருவரும் வழி சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள், கிணறு எங்கே என்று கேட்டால் வேறு திக்கைக் காட்டினார்கள். சாகும்வரை அங்கேயே இருந்தார். மறுபடி அவர் ஒரு கோடும் கீறவில்லை.

“அது புத்தகத்தில் இருக்கிறதா?” என்று அவள் கேட்டாள்.

“விட்டுவிட எண்ணியிருந்தேன். அவரைப் புனிதராக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அது பிடிக்காது.”

“இந்த மனிதனுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?”

அவர் வரைபடத்தின் மேல் பாதியில் விரலை வைத்தார்.

“வடக்குப் பக்கத்துப் பிரதி. போன மாதம், தபாலில்.”

அன்று பின்னேரமே எமிலியானா தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமுக்குப் பக்கத்துக் கடைக்கு டெலிபோன் எடுத்தாள். அங்கிருக்கும் சின்னம்மாவைக் கூப்பிட்டு, தம்பி அடுத்தமுறை வந்தால் வடக்கு வழியால் போகவேண்டாமெண்டு சொல்லுங்கோ என்றாள். காரணம் சொல்லவில்லை. சின்னம்மாவும் கேட்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அந்த ஆள் திரும்பவும் வந்தான். டொன் கலோஜெரோ அவனை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் வைத்தே, படம் பழுதாகிவிட்டது, இனித் தருவதற்கு ஒன்றுமில்லை என்றார்.

“பரவாயில்லை, பாத்ரே,” என்றான் அவன் மரியாதையாக. “பாதி கிடைத்ததே பெரிய உதவி.”

பிறகு அவனை அந்தப் பக்கம் ஒருவரும் காணவில்லை. கிழவர் அவன் சொன்ன ஆராய்ச்சி நிலையத்துக்கு டெலிபோன் எடுத்தார். அப்படியொருவர் சில மாதம் வந்து படித்தது உண்மை, இப்போது ஊர் திரும்பிவிட்டார் என்றார்கள். அது நல்லதா கெட்டதா என்று இருவருக்கும் விளங்கவில்லை.

அந்தக் கோடையில் திட்டைகளுக்கு வடக்கே இரண்டு வள்ளங்கள் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. வழமையாகப் பிடிபடுகிற மாதிரித்தான் என்று சிலர் சொன்னார்கள். எமிலியானா மூன்று கிழமை நித்திரை இல்லாமல் இருந்து, தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அறிந்தாள். பிடிபட்ட வள்ளங்களைப் பற்றி டொன் கலோஜெரோவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்று நினைத்தாள். வேறு சில நாட்களில், ஏன், அவரும் தாங்கட்டுமே என்றும் நினைத்தாள்.

புத்தகம் 1998இல் வந்தது. கப்பித்தானின் கதை அதில் முழுதாக இருந்தது. வரைபடம் ஒன்றுகூட இல்லை. கடலை அளந்து நடந்த ஒருவரின் வரலாற்றில் கடலே இல்லையே என்று பதிப்பாளர் சண்டை பிடித்தாராம். திட்டைகள் வரும் இடத்தில் டொன் கலோஜெரோ ஒரேயொரு வரி எழுதியிருந்தார்: அவர் இங்கே எந்த வழியால் நடந்தார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

வெளியீட்டுக்கு அருளையாவும் வந்தார். பின்வரிசையில் இருந்து தாள்களைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தார்.

“மேப் இல்லை,” என்றார்.

“அதைத்தான் அவர் வேணுமெண்டு விட்டவர் அண்ணை.”

“புத்தகத்திலை இல்லையெண்டா வேறை ஆரிட்டையோ கிடக்கு.” புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

கூட்டம் கலைந்தபின் டொன் கலோஜெரோ தடியை ஊன்றிக்கொண்டு எமிலியானாவிடம் வந்தார். அவளுக்குத் தம்பி ஒருவன் இருப்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது.

“உன் தம்பி சுகமா?”

“சுகம், பாத்ரே.”

அவள் அவருடைய மேற்கோட்டை எடுத்துப் பிடித்தாள். கை நுழையச் சிரமப்பட்டது. உதவி செய்து, பொத்தானையும் பூட்டிவிட்டு, பஸ் தரிப்பு வரை கூட நடந்தாள்.