தலைவர் வீட்டு விருந்தாளி

மாணவர் மன்றத் தலைவர் பதவிக்கு அவன் போட்டியின்றித் தேர்வானான். வேறு யாருக்கும் அந்தத் தலைவலி வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அவன் ‘தலைவர்’. மரியாதைக்கும் குறைச்சலில்லை. மதியம் தலைவர் சாப்பிட உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார்வதே கிடையாது.

அந்த வருடம் மாணவர் பரிமாற்றத் திட்டம் வந்தது. வேற்றூர்ப் பிள்ளைகள் ஒரு வாரம் இங்கே வீடுகளில் தங்கிப் படிப்பார்கள். யார் வீட்டில் யார் என்று பிரித்துக்கொடுப்பது தலைவரின் வேலை. வருகிறவர்களில் ஒரு பையன், ‘கேரம் உயிர், ஆடத்தான் ஆளில்லை’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். தலைவர் யோசிக்கவேயில்லை, அவனைத் தன் வீட்டுக்கே ஒதுக்கிக்கொண்டார். வீட்டில் அவர் ஒரு பக்கம் அடித்துவிட்டு, எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அடிப்பார். தன்னையே ஜெயித்து ஜெயித்து அலுத்துப்போயிருந்தது.

பஸ் வந்து நின்ற அன்று எல்லாரும் அவரவர் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கால்பந்து கேப்டனின் விருந்தாளி மட்டும் வரவில்லை. அம்மையாம். கேப்டன் வீட்டிலிருந்து அப்பா, அம்மா, தங்கைகள், கழுவித் துடைத்த கார் என்று மொத்தக் குடும்பமும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது.

“தலைவரே, விருந்தாளி குறைஞ்சா தலைவர் தன்னோட ஆளை விட்டுக்கொடுக்கணும்னு நீங்கதானே விதி போட்டீங்க?” என்றான் கேப்டன்.

போட்டது உண்மைதான். அன்றைக்குக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அவருக்காக யாராவது கைதட்டியது அதுதான் முதல் தடவை.

“ஆமாப்பா, விதின்னா விதிதான்,” என்றார்.

வீட்டில் அம்மா புதுத் தலையணை உறை போட்டு வைத்திருந்தாள். “எங்கடா அந்தப் புள்ள?”

“கேப்டன் வீட்டுக்கு அனுப்பிட்டேம்மா. நிர்வாகக் காரணம்.”

“உன் நிர்வாகத்துல தீய வை,” என்று சொல்லிவிட்டு, கூடுதலாக வடித்த சோற்றையும் அவர் தட்டிலேயே போட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. கேப்டன்தான். “தலைவரே, இவன் கேரம் கேரம்னு உயிரை எடுக்குறான். உங்ககிட்ட போர்டு இருக்காமே?”

தலைவர் சட்டை மாற்றி, தலை சீவி, போர்டைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார். வாசலிலேயே கேப்டன் வாங்கிக்கொண்டான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

“ரொம்ப தேங்க்ஸ். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், பிடிச்சு வைக்கல.”

“ஆமா. கொஞ்சம் இருக்கு.”

கதவு மூடியது. காய் டப்பாவைக் கொடுத்தவர் ஸ்ட்ரைக்கரை மட்டும் தன் பேன்ட் பையில் வைத்திருந்தார். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கர் இல்லாமல் எவனால் ஆட முடியும்? கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? வீட்டுக்குப் போகாமல் தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நின்றார். கூப்பிட்டதும் ஓடினால் நன்றாக இருக்காது, மெதுவாகப் போகலாம் என்றுகூட முடிவு செய்துவைத்திருந்தார்.

போன் அடித்தது.

“தலைவரே, ஸ்ட்ரைக்கரைக் காணோம்.”

“அய்யோ, இங்கதான் இருக்கு! இதோ...”

“வேணாம், அலையாதீங்க. தங்கச்சி ஒரு டப்பா மூடி குடுத்தா. அதுவே சூப்பராப் போகுது.”

“அப்படியா? நல்லது, நல்லது,” என்றார் தலைவர்.

போன் கட்டான பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார். தெருவில் போகிறவர்களுக்கு, யாருடனோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.