தெரிந்த முகம்

யார்க்‌ஷயரில் ஒரு ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் டாவினா பதினாறு வருடமாக உதவியாளர். இப்போது நாற்பத்து மூன்று வயதில் வாரத்துக்கு மூன்று நாள் அதே வேலை, மீதி நாள் நர்சிங் பட்டப்படிப்பு. அந்தப் படிப்பு இன்றைக்கு நூலில் தொங்கியது. மாத்திரை கொடுக்கும் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவதும் போனால் படிப்பு அவ்வளவுதான்.

தேர்வு வைக்கும் நர்ஸ் இமொஜெனுக்கு இருபத்தேழு வயது. வந்த புதிதில் அவளுக்குப் படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுத்ததே டாவினாதான். இன்று அவள் பேனாவும் குறிப்பேடுமாகப் பின்னால் நின்றாள். வாய் திறக்கக் கூடாது என்று விதி. மாமியார் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மோசமாக இருந்தது.

"என்ன ஹெப்வொர்த், காலையிலேயே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் டாவினா, முதல் கட்டில் கிழவரிடம்.

"டீ ஆறிப்போச்சு கண்ணு," என்றார் கிழவர்.

டாவினா மாத்திரைக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் மணி அடிக்க, இமொஜென் அதை நிறுத்தத் திரும்பினாள்.

"இந்த ரோஸ் மாத்திரை புதுசா இருக்கே?"

டாவினா கிண்ணத்தைப் பிடுங்கி, அவர் மணிக்கட்டில் இருந்த பெயர்ப் பட்டையை மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். பிறந்த தேதி வேறு. ஜன்னலோரம் நேற்று வந்தவரும் ஒரு ஹெப்வொர்த். இது அவருடைய சர்க்கரை மாத்திரை. இவருக்குச் சர்க்கரையே கிடையாது. தினமும் குளிப்பாட்டுகிற ஆளிடம் யார் பெயர் கேட்பார்கள்? அந்தப் பழக்கமே வினையாகிவிட்டது.

இமொஜென் இன்னும் திரும்பவில்லை. சத்தமில்லாமல் கிண்ணத்தை மாற்றிவிடலாம். பாவி மனசு அதையும் யோசித்துப் பார்த்தது.

"இமொஜென், தப்பான ஆளுக்குக் குடுத்துட்டேன். நல்லவேளை, வாய்க்குப் போகல. பேரும் கேக்கல, பட்டையும் பாக்கல."

இமொஜெனின் முகம் வெளுத்தது. "நான் பாக்கவேயில்லையே. ஏன் சொன்னீங்க?"

"இன்னிக்குத் தப்பிச்சா நாளைக்கும் பேர் கேக்க மாட்டேன்."

'தேறவில்லை' என்று எழுதும்போது இமொஜென் அழுதுவிட்டாள். டாவினாவுக்கு அழுகை வரவில்லை. தன் மேலேயே அப்படி ஒரு கோபம். இமொஜென் கூட நிற்க, சரியான மாத்திரைகளை எடுத்துக்கொண்டு கிழவரிடம் வந்தாள்.

"முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"என்னடி கூத்து இது? நேத்துதான் முதுகு தேச்சுவிட்ட. என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது," என்றாள் டாவினா. "சொல்லுங்க."