கூட்டத்துக்கு ஒரு முழம்

பெரிய பாம்புகளைத் தடை செய்வதா என்று அதிகாரிகள் கூடிப் பேசிய ஒவ்வொரு நாளும் சுவிஸின் ஓல்டன் நகரத்து மலைப்பாம்பு ஒரு முழம் வளர்ந்தது. 2009இல் வேணுகா அதை எடுத்து வந்தபோது சோபாவுக்கு அடியில் சுருண்டு படுக்கும் அளவுதான். முதியோர் இல்லத்தில் அவள் பராமரித்த கிழவர் இறந்ததும், பிள்ளைகள் தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டு பாம்பை விட்டுப் போனார்கள். அந்த வருடம்தான் வாதமும் தொடங்கியது. தப்பினால் ஆரே ஆற்றோரம் பெருகி உள்ளூர்ப் பிராணிகளை ஒழித்துவிடும் என்றனர் ஒரு சாரார். முதற் பனியிலேயே விறைத்துச் செத்துவிடும் என்றனர் மறு சாரார். சுவிஸ்காரர் நிதானமானவர்கள். ஒரே கூட்டத்தில் முடிவெடுத்தால் அவசரப்பட்டதாகிவிடும் என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். வருடங்கள் போயின. பாம்பு வரவேற்பறையைத் தாண்டிக் குளியலறைக்குள் நீண்டது. வேணுகாவின் அம்மா ஞானேஸ்வரி அதைப் பாம்பு என்று சொல்லமாட்டார், 'அவர்' என்பார். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசி, பாலும் முட்டையும் வைப்பார். 'அவர்' பாலையும் முட்டையையும் சீண்டாமல் திருநீற்றை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

அப்பா சிவநேசன்தான் பயந்தார். அகதியாக வந்து, வதிவிட அனுமதிக்காக இளமையையெல்லாம் காத்திருந்து கழித்தவர். கடைசியில் கன்டோன் என்கிற மாநில அரசின் உத்தரவு வந்தது: முடிவு தெரியும்வரை பாம்பு வீட்டுப் படி தாண்டக்கூடாது, தாண்டினால் பறிமுதல்.

"குடுத்திடு பிள்ளை. அவங்களோட எங்களால மல்லுக்கட்டேலாது," என்றார்.

வேணுகாவுக்கு நெஞ்சு எரிந்தது. ஓல்டனில் பிறந்தவள் அவள். ஓர் அதிகாரியின் முன்னால் அப்பா நிமிர்ந்து நின்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஆவணியில் அம்மன் தேர். வேணுகாவின் வீட்டுக்குக் கிட்ட, தெரு முடக்கில், வடம் அறுந்தது. வீதியை மூடப் பொலிஸ் கொடுத்த நேரம் முடிந்துகொண்டிருந்தது. தன் இடமான இருப்புக்குத் திரும்பாமல் தேர் நடுவீதியில் நிற்கலாகாது என்று குருக்கள் கையைப் பிசைந்தார். அப்போது பாம்பு மாடியிலிருந்து இறங்கி, பாதசாரிக் கடவையில் ஒழுங்காக வீதியைக் கடந்து வந்தது. தேரின் இரும்பு வளையத்தில் நடு உடம்பைச் சுற்றி, தலையை ஆண்கள் பக்கமும் வாலைப் பெண்கள் பக்கமும் நீட்டிக் கொடுத்தது. இத்தனை வருடக் கூட்டங்களில் வளர்ந்த நீளம் அளவெடுத்தாற்போல் இருந்தது. சனம் பிடித்துக்கொண்டது.

உத்தரவில் கையெழுத்திட்ட கன்டோன் விலங்கு வைத்தியர் அம்மாள், தண்ணீர்ப்பந்தலில் வாங்கிய மோர்க் கோப்பையோடு வேடிக்கை பார்த்து நின்றார். முன்னால் வந்து, இது யாருடைய மிருகம் என்று கேட்டார். பறித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று வேணுகா வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் வெறும் மேலோடு வியர்த்து நின்ற சிவநேசன் திரும்பினார். அதிகாரிகளோடு டொச்சில், அதாவது ஜெர்மனில், குழைகிறவர், அன்று தமிழில் சொன்னார்.

"என்ர வீட்டுப் பிள்ளை. இப்ப தேர் இருப்புக்குப் போகவேணும். கதைக்கிறதெண்டால் வடத்தைப் பிடிச்சுக்கொண்டு கதையுங்கோ."

ஒரு சொல் விடாமல் வேணுகா அதைச் சுவிஸ் ஜெர்மனில் சொன்னாள். இவர் என் அப்பா என்று தெருவுக்கே கேட்கக் கத்தவேண்டும் போலிருந்தது. வைத்தியர் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு வாலைப் பிடித்தார். அரோகரா எழுந்தது. தேர் அசைந்தது.

அடுத்த வருடம் தடை வந்தது. ஓல்டன் பாம்பு அதில் அடங்கவில்லை. அது கோவில் வடம் என்று பதிவாகியிருக்கிறது. ஆவணிதோறும் தானே இறங்கி வருகிறது. வால் கடக்கும்வரை பஸ் சாரதிகள் காத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் எந்த நாட்டுப் பாம்பு என்று கேட்டால், ஓல்டன் என்கிறார் சிவநேசன்.